இரண்டு பதிவேடுகளில் ஒரு பெயர்

இன்று காலை எனக்கு மெமோ வந்தது. வெள்ள நிவாரண முகாம் காலியாகி, நாலாம் வகுப்பில் பெஞ்சுகளை மறுபடி உள்ளே போட்டு, பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்தார்கள். அந்த நெடியில் நின்றுதான் உறையைப் பிரித்தேன். ஒரே நபர் பணியாளர் பதிவேட்டிலும் தங்கியோர் பதிவேட்டிலும் இடம்பெற்றது எவ்வாறு என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. படித்துக் காட்டத்தான் நீ இல்லை. விளக்கம் கிடக்கட்டும் என்று உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வெள்ள ஒத்திகை உனக்கு நினைவிருக்கும். நீ நம் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்தாய். நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர். முகாம் பொறுப்பாளர் என்று எனக்கொரு காகிதம் கொடுத்திருந்தார்கள். சரியாகப் பதினோரு மணிக்கு வெள்ளம் வரும் என்று சுற்றறிக்கை சொன்னது. அதிகாரி பன்னிரண்டரைக்கு வந்தார். அதுவரை வெள்ளம் காத்திருந்தது. மண்டையைப் பிளக்கிற வெயிலில் லாரியிலிருந்து ஒரு ரப்பர் படகை இறக்கி மைதானத்துப் புழுதியில் வைத்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் காயம்பட்டவர்களாகப் படுத்துக்கொண்டார்கள். படம் எடுத்தார்கள், சமோசா தின்றார்கள், போனார்கள். நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "படகுக்கே வேர்க்குது பாரு டீச்சர்" என்றாய்.

அன்றைக்கு ஒரு கையேடும் தந்தார்கள். ஆளுக்கு இத்தனை சதுர அடி, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், கர்ப்பிணிகளுக்குத் தனி அறை. நம் பள்ளியில் பெண்களுக்கு இருந்தது இரண்டு கழிப்பறை. அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் சொன்னேன். நீ அந்தக் கையேட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, இதில் அடுப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டாய்.

பிறகு நிஜமாகவே ஏரி நிரம்பியது. கள்ளிக்குப்பத்துத் தெருக்களிலிருந்து சனம் சாரி சாரியாக வந்தது. நீயும் வந்தாய், இடுப்புவரை நனைந்து, தலையில் ஒரு சூட்கேஸோடு. உன் வீட்டில் தண்ணீர் ஜன்னலைத் தொட்டுவிட்டது, தையல் மெஷின் உள்ளேயே மாட்டிக்கொண்டது என்றாய். தங்கியோர் பதிவேட்டில் உன் பெயரை எழுதினேன். நீ புடவையைப் பிழிந்துவிட்டு நேரே போய் அடுப்பைப் பற்றவைத்தாய். அத்தனை பேரும் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். உன்னைவிட்டால் சமைக்க வேறு யார்? அதனால் பணியாளர் பதிவேட்டிலும் உன் பெயர் ஏறியது.

மத்தியானம் அதிகாரி வந்தார். சனத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி, உன் பெயரில் நின்றார். பணியாளர்களைத் தங்கியோர் கணக்கில் சேர்க்கக் கூடாதாம். "சமைக்கிறவங்க ஸ்டாஃப். ஸ்டாஃப் எப்படி பாதிக்கப்பட்டவங்க ஆவாங்க? அடிச்சுடுங்க மேடம்" என்றார். அவருக்கு எதிரே, அடுப்படியில் நின்ற உன் புடவையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி ஆட்கள் வெள்ளத்தில் மிதந்தாலும் மிதக்க அனுமதி உண்டா என்று மேலிடத்தைக் கேட்பார்கள்.

ஆனால் அடித்தது அவர் இல்லை. நான்தான். அதுவும் ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், கோணாமல் நேராக அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டேன். அந்தப் பதிவேட்டில் கால்நடைகளுக்கு ஒரு கட்டம் உண்டு. உன் பக்கத்து வீட்டுக்காரரின் இரண்டு ஆடுகளை அதில் எழுதியிருந்தேன். ஆடுகள் அப்படியே இருந்தன.

நீ கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாய். "டீச்சர், நான் ஆக்குறவளா, ஊடு முழுவுனவளா? ரெண்டுல நீயே ஒன்னு சொல்லு" என்றாய். நான் பேனாவை மூடினேன். நீ சாம்பாரைக் கிளறப் போய்விட்டாய். சாம்பார் பிரமாதம் என்று இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் அந்த அதிகாரி. பாயும் போர்வையும் பதிவேட்டுக் கணக்குப்படி வந்ததால் உனக்கு இல்லை. மூன்று நாளும் அரிசிச் சாக்கின் மேல் படுத்தாய்.

முகாம் பட்டியலில் இருந்தவர்களுக்குத்தான் நிவாரணம் என்று அப்புறம் சொன்னார்கள். நீ மூன்று முறை மனு கொடுத்தாய். பதிவேட்டின்படி நீ பாதிக்கப்படவில்லை என்று மூன்று முறையும் ஒரே பதில். "தண்ணி வந்துச்சுன்னு ஊடே வந்து சாட்சி சொன்னாலும், ஆதார் இருக்கான்னு கேப்பாங்க டீச்சர். வுடு" என்று சிரித்தாய். அடித்தது தவறு என்று நான் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்திருந்தால் போதும். மெமோ வருமே என்று பயந்தேன். அந்த அதிகாரியைத் திட்டுகிற வாயால் என்னையும் திட்டிக்கொள்கிறேன். அவனுக்காவது உன்னைத் தெரியாது. பத்து வருஷம் உன் கையால் சாப்பிட்டவள் நான். போன மாசியில் சர்க்கரை வியாதி உன்னைக் கொண்டுபோனது. அதுவரையிலும் நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன வாரம் மறுபடி முகாம் திறந்தோம். உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண், இரண்டு மகள்களோடு நனைந்துகொண்டு வந்தாள். மகள்களை உட்கார வைத்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். நான் அவள் பெயரை இரண்டு பதிவேட்டிலும் எழுதினேன். இந்த முறை வந்தவர் இளம் அதிகாரி, கையில் டேப்லெட். அதற்குள் அடக்கமுடியாத எதுவும் உலகத்தில் இல்லை என்று நம்புகிற முகம். ஒரே ஆள் இரண்டு இடத்தில் ஏறாது, தங்கியோர் பதிவேட்டில் அடித்துவிடுங்கள் என்றார்.

"ஸ்கேல் இல்லீங்க சார்" என்றேன்.

ஸ்கேல் மேசைமேல் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொறுப்பாளர் ஒப்பம் இல்லாமல் திருத்தம் செல்லாது என்று அவர்கள் கையேடே சொல்கிறது. அந்தப் புத்தகம் ஒரு மனுஷிக்குப் பயன்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவளும் மகள்களும் பாயில் படுத்தார்கள். அதற்குத்தான் இந்த மெமோ.

இப்போது விளக்கத்தையும் எழுதி முடித்துவிட்டேன். சமைத்தவரும் வீடு மூழ்கியவரும் ஒருவரே என்பது முதல் வரி. முந்தைய வெள்ளத்தின்போது இதே பள்ளியில் இதே காரணத்துக்காக ஒரு பெயர் அடிக்கப்பட்டது, அது தவறு என்பது இரண்டாவது வரி. அதில் உன் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதியிருக்கிறேன். அடித்தவள் நான் என்று மூன்றாவது வரியில் எழுதி, கீழே முழுக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை சுருக்கொப்பம் இல்லை.