முதலில் ஊற்ற வேண்டியது

அன்புள்ள மெக்கானிக் அவர்களுக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இங்கு நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மற்றதை முதலில் எழுதிவிடுகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால் நம் வாலு பிடுங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சண்டைகளை ஒப்பிக்கிறாள். அவளிடமிருந்து நீங்கள் வாங்கினால், "சரி சரி, உடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. பாதியில் மடக்கி வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

அவளுடைய ஆடுகிற பல் விழுந்துவிட்டதா? அப்பா சட்டைப் பொத்தானை ஒயர் முறுக்குகிற மாதிரி இறுக்கித் தைத்துவிட்டார், இப்போது ஓட்டைக்குள் நுழைய மாட்டேன் என்கிறது என்று புகார் சொன்னாள். சிரித்தேன்.

என் அறையில் கழுவ ஒரு தட்டு, ஒரு டம்ளர். கழுவி முடித்த பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கழுவியதையே மறுபடி கழுவுகிறேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். அந்தச் சுவரில் எங்கெங்கே காரை பெயர்ந்திருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பேச ஆள் இல்லாமல் நான் ஒரு மாதிரி ஆகிவிட்டேன். யார் கிடைத்தாலும் ஒட்டிக்கொள்கிறேன். பஸ் ஓட்டுநரிடம் வாலுவின் பல் கதையைச் சொன்னதில் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் முறைத்தார்கள். போன வாரம் ஒரு ராங் நம்பர் வந்தது. வைக்க மனசு வராமல் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டேன். அந்த மனுஷன் பயந்து வைத்துவிட்டார்.

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று நீங்கள் முழுசாகக் கேட்டதே இல்லை. கிருமிக்குச் சோறு போடுகிற வேலை என்று கூட்டாளிகளிடம் சொல்லிவைத்திருக்கிறீர்கள். இன்றைக்குக் கேட்டே ஆக வேண்டும். கொட்டாவி விடாதீர்கள்.

நாங்கள் வளர்க்கிற பாக்டீரியாவுக்கு உடம்பைச் சுற்றி இரண்டு சவ்வு. நடுவில் தண்ணீர் நிறைந்த ஒரு சந்து. வெளிச் சவ்வில் வாசல் மாதிரி நிற்க வேண்டிய புரதம் உள்ளேதான் தயாராகிறது. நூல் மாதிரி நீளமாக உள்சவ்வைத் தாண்டி, அந்தச் சந்தைக் கடந்து, வெளிச் சவ்வுக்குப் போய்ச் சேர்ந்துதான் அது மடிந்து பீப்பாய் உருவம் எடுக்கும். சிக்கலே அந்தச் சந்தில்தான். சவ்வு எண்ணெய்ப் பசை உள்ள இடம். அதில் வாழ வேண்டிய புரதத்துக்குத் தண்ணீர் ஆகாது. தனியாக விட்டால் பக்கத்தில் எது கிடைத்தாலும் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். அப்படிக் கெட்டுப்போனதை வெட்டிப் போடுவதற்கென்றே அங்கே வேறொரு புரதம் காத்திருக்கிறது.

அந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்கிறதுதான் துணைப்புரதம். அது மடித்துக் கொடுக்காது, இப்படி நில் அப்படி நில் என்று உபதேசம் பண்ணாது. லேசாகப் பிடித்தபடி கூடவே இருக்கும். வெளிச் சவ்வில் பொருத்திவிட ஓர் இயந்திரம் உண்டு, அதனிடம் போய்ச் சேரும் வரைக்கும். செல்லுக்குள் இருக்கிற எரிபொருள் அந்தச் சந்துக்கு வராது. அதனால் எரிபொருளே இல்லாமல், கூட இருப்பதையே வேலையாகப் பார்க்கிறது.

செவ்வாய்க்கிழமை நான் ஒரு தப்பு செய்தேன். சோதனைக்கு எடுக்கிற புரதத்தை யூரியாக் கரைசலில் பிரித்து வைத்திருப்போம். நீங்கள் ரோஜாத் தொட்டிக்குப் போடுகிற அதே யூரியாதான். அதில் இருக்கும் வரை கட்டியாகாது, வெறும் தண்ணீரில் விட்டால் ஆகிவிடும். சோதனைக் குழாயில் துணைப்புரதத்தை முதலில் ஊற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் இதை விட வேண்டும். அந்த நேரம் பார்த்துக் குழாய் கழுவுகிற அம்மா வந்தார். என் பேச்சில் பாதி அவருக்குப் புரியாது, ஆனாலும் தலையாட்டுவார். எனக்கு அது போதும். வாலு சைக்கிள் பழகிய கதையைச் சொல்லிக்கொண்டே புரதத்தை முதலில் விட்டுவிட்டேன். கண் முன்னாலேயே குழாய் கழுநீர் மாதிரி கலங்கியது. பதறிப்போய்த் துணைப்புரதத்தை இரண்டு மடங்காக ஊற்றினேன். தெளியவே இல்லை. சுழற்றும் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றிப் பார்த்தால் அடியில் வெள்ளையாகக் கட்டி. மாதக்கணக்காகப் பாடுபட்டுச் சேர்த்த புரதம்.

ஆய்வகத் தலைவர் திட்டக்கூட இல்லை. கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பி என்று போய்விட்டார். நான் குழாய் கழுவுகிற தொட்டி முன்னால் நின்று அழுதேன். குழாய்க்காக அழுகிறேன் என்று நினைத்து, அந்த அம்மா புதுக் குழாய் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து வைத்தார்.

அழுகைக்குக் காரணம் நீங்கள் போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னது. "நீ மொதல்ல அங்க நல்லா செட்டில் ஆகு, அப்புறம் நாங்க வர்றதப் பத்திப் பாக்கலாம்" என்றீர்கள். "வருஷம் பூரா குளிர்ற ஊர்ல ஏசி மெக்கானிக் வந்து என்ன பண்றது, சும்மா உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வைத்த பிறகு சிரிக்கவில்லை.

வரிசை தப்பு என்று அந்தத் தொட்டி முன்னால்தான் எனக்கு உறைத்தது. நான் நிலைகொண்ட பிறகு நீங்கள் வருவது அல்ல. நீங்கள் வந்தால்தான் நான் நிலைகொள்வேன். கட்டியான பிறகு நீங்கள் இரண்டு மடங்கு அன்போடு வந்து நின்றாலும் பிரயோஜனம் இல்லை.

மாடியில் இரண்டு அறை வீடு ஒன்று இந்த மாதக் கடைசியில் காலியாகிறது. சமையலறையில் வெயில் வரும், வாலுவுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். குடும்பம் வருகிறதா, இல்லை வேறு ஆளுக்கு விடவா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டியை இழுத்து, துணியை அடுக்கி, மறுபடி எடுத்து வைக்கிறேன். இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, விட்டுவிட்டு வர மனசில்லை. தனியாக இருக்கவும் முடியவில்லை. நீங்கள் வராவிட்டால் அடுத்த தடவை பெட்டியைப் பூட்டிவிடுவேன். பயமுறுத்தவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

உங்கள் ரிப்பேர் கடையை மூடச் சொல்வது லேசான விஷயம் இல்லை என்று தெரியும். பெண்டாட்டி பின்னாலேயே போய்விட்டான் என்று நாலு பேர் பேசுவார்கள். இங்கேயும் குளிர்பெட்டிகள் ரிப்பேர் ஆகத்தான் செய்கின்றன. எங்கள் ஆய்வகத்தில் ஒன்று முனகுகிற முனகலைக் கேட்டால் உங்களுக்குக் கை பரபரக்கும். அப்படி ஏதாவது வேலை கிடைக்கிற வரைக்கும் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். அது ஒரு வேலை இல்லை என்று யார் சொன்னது?

கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் செய்யுங்கள். வாலுவிடம் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் பேசுங்கள். அவளுக்கு என் முத்தங்கள். பல் விழுந்தால் எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், நான் பார்க்க வேண்டும்.

நலம் என்று எழுத மேலே இடம் விட்டிருக்கிறேன். நான் ஒருத்தியாக அதை நிரப்ப முடியாது. இந்தக் காகிதத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வாருங்கள், இங்கே உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பெட்டியை இன்னும் ஒரு தடவை கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்ட
உங்கள் மனைவி