வேலிக்கு அப்பால் ஓர் அகல்

1938, நவம்பர் 2
ஆத்துமாக்கள் திருநாள். என் வீட்டுக்காரர் கல்லறையில் ஆறு மெழுகுவர்த்தி வைத்தேன். ஒன்றுகூடச் சாயவில்லை. வேலிக்கு அப்பால், ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளைப் புதைக்கும், சுவாமியார் மந்திரிக்காத மண்ணில், இந்த வருஷமும் யாரோ எண்ணெய் அகல் ஏற்றியிருக்கிறார்கள். அஞ்ஞானிகளின் விளக்கு. உபதேசியாரிடம் சொல்லி அணைக்கவைத்தேன்.
"வருசா வருசம் அணைச்சுக்கிட்டுத்தானம்மா இருக்கேன்" என்றார்.

நவம்பர் 3
தூக்கமில்லை. கண்ணை மூடினால் அந்தத் திரியின் புகை. என் குழந்தையும் அந்தப் பக்கம்தான் கிடக்கிறது. எந்த இடம்? எனக்குத் தெரியாது.

1939, ஜூலை 10
மீனாட்சி கோயிலுக்குள் எல்லாச் சாதியாரையும் அழைத்துப் போனார்களாம். பக்கத்து வீட்டு ராதாமணிக்கு அதே பேச்சு. "எங்கள் கோவிலில் யாரையும் வெளியே நிறுத்துவதில்லை" என்றேன்.
"ஆமா, உள்ள விட்டுட்டு, சாதிய பிரிச்சு நடுவுல கம்பி போட்டுட்டீக" என்று சிரித்தாள்.


ஆகஸ்ட் 21
கீரைக்காரி சின்னத்தாய் சொன்னாள்: "எங்க ஆத்தா கெடையில விழுந்துருச்சும்மா. ஒங்களப் பாக்கணும்ங்குது."
இருளாயி. எனக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி.
வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை?

ஆகஸ்ட் 22
எழுதிவிடுகிறேன். 1898. பெண் நீலம் பாரித்துப் பிறந்தாள். இருளாயி செம்புத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றி, "மரியாளே" என்று அழைத்து, சுவாமியார் மருத்துவச்சிகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைப் பிசகாமல் சொன்னாள். ஆபத்து வேளையில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், அஞ்ஞானியும்கூட. கான்வென்டில் ஞானோபதேசத்துக்கு முதல் பரிசு வாங்கியவளுக்கா தெரியாது?
அன்றிரவே பிள்ளை போய்விட்டது. மறுநாள், ஞானஸ்நானம் கொடுத்ததா என்று சுவாமியார் கேட்டார். யாரும் கொடுக்கவில்லை என்றேன்.
பதிவேட்டில், 'கொடுத்தவர்' என்ற இடத்தில், எங்கள் குடும்பப் பெயருக்குப் பக்கத்தில் சேரிக்காரியான அவள் பெயர் ஏறும். அதற்காக. அதற்காக மட்டும்தான்.
பிள்ளையை வேலிக்கு வெளியே தூக்கிப்போய்ப் புதைத்தவளும் அவளே.

ஆகஸ்ட் 25
வைகைக்கு அக்கரை போனேன். குனிந்துதான் அந்தக் குடிசைக்குள் நுழைய முடிந்தது.
"வந்துட்டீகளா தாயி. மூணாவது வேம்புக்குக் கெழக்க, தலைமாட்டுல ஒரு கருங்கல்லு நட்டுருக்கேன். ஒங்க ஆளுக அம்புட்டுப் பேரும் வெளக்கு வைக்கிற அன்னிக்கு அந்தப் பச்சமண்ணு மட்டும் இருட்டுல கெடக்கலாமா? வருசம் தவறாம ஏத்துனேன். எந்தப் பாவியோ அணைச்சுப்புடுறான்."
நான்தான் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 4
இருளாயி போய்விட்டாள்.

செப்டம்பர் 6
இப்போதைய சுவாமியாரிடம் எல்லாம் சொன்னேன். பதிவேட்டைத் திறந்தார்.
"பிள்ளையின் பெயர்?"
"மரியாள்."
"ஞானஸ்நானம் கொடுத்தவர்?"
"இருளாயி. மருத்துவச்சி."
பேனா நின்றது. எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். அவர் எழுதி முடித்து, மை காயும்வரை நான் நகரவில்லை.

நவம்பர் 2
காலையில் சுவாமியார் அந்தக் குழியை மந்திரித்தார். மாலையில் அகல் கொண்டுபோனேன். எனக்குத் திரி திரிக்கத் தெரியவில்லை. சின்னத்தாய் திரித்துக் கொடுத்தாள்.
பழக்கத்தில் உபதேசியார் வேலியருகே வந்தார். கை காட்டி நிறுத்தினேன்.
"எவன் அணைச்சான்னு சாகுற வரைக்கும் ஏசிக்கிட்டே கெடந்துச்சு ஆத்தா" என்றாள் சின்னத்தாய்.
"நான்தான்" என்றேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டாள்.