அம்மாவின் வெள்ளிச் செபமாலை

காரைக்குடி
14.9.1994

அன்பு மகள் ரீனாவுக்கு, அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலம், மஸ்கட்டில் நீயும் உன் ஆஸ்பத்திரியில் எல்லோரும் நலந்தானே. நலம் என்று எழுதிவிட்டேன், ஆனால் போன வாரத்திலிருந்து என் நெஞ்சு ஒரு நிலையில் இல்லை, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. படித்துவிட்டுப் பதறாதே, அம்மா நன்றாக நடமாடுகிறாள்.

அம்மா டி.வி. போர்டு ரிப்பேரில் இறங்கியது உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு மதுரையில் ரேடியோ கம்பெனியில் ஈயம் பற்றவைத்த கை, இப்போது அடுப்படியை ஒட்டிய அறை முழுக்க அவள் ராஜ்ஜியம்தான். இட்லித் தட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டாள், கழற்றுகிற சாமான்களைக் குழிக்கு ஒரு வகையாகப் பிரித்து வைக்க அதுதான் தோதாம், எனக்கு மாதம் பூராவும் தோசைதான். கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில் கல்யாணம், வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த டி.வி.க்களை வாட்ச்மேன் சேவுகப்பெருமாள் வண்டியில் ஏற்றிவந்து இறக்கிவிட்டுப் போனார், உள்ளே பல்லி முட்டையும் பூசணமும். முகூர்த்தத்துக்குள் சரி பண்ணித் தருவதாக அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கரண்ட் ஓடும்போது சோதிக்க வேண்டியிருந்தால் ஒரு கையால்தான் தொட வேண்டும், நெஞ்சு வழியாகக் கரண்ட் பாயாமல் இருக்க மற்றக் கையைப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் ஒரு முறை. அந்தக் கை சும்மா இருக்காது, தானாக முன்னால் வந்துவிடும் என்று அம்மா அதில் செபமாலையைக் கொடுத்து வைப்பாள், முதுகுக்குப் பின்னால் மணி உருண்டுகொண்டிருக்கும், முன்னால் மீட்டர் முள் ஆடும். முன்பு இருந்தது நூலில் கோத்த கொட்டை மாலை. நீ லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தாயே வெள்ளிச் சங்கிலி மாலை, அதிலிருந்து அதுதான். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை மகளே, ஆசையாக வாங்கிக் கொடுத்தாய், வெள்ளியில் கரண்ட் பாயும் என்று யாருக்குத் தோன்றும்.

வியாழக்கிழமை சோதித்துக்கொண்டிருக்கும்போது பவர் கட். கரண்ட்தான் இல்லையே என்று மாலையைச் சுற்றியிருந்த கையையும் முன்னால் கொண்டுவந்து, இரண்டு கையையும் போர்டுக்குள் விட்டு வேலை பார்த்திருக்கிறாள், சுவிட்சை அணைக்கவில்லை. கரண்ட் வந்துவிட்டது. சங்கிலி போர்டு மேல் கிடந்திருக்கிறது. பட்டென்று சத்தம், ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்டூலோடு சுவரோரம் விழுந்து கிடக்கிறாள், நான் பெயரைச் சொல்லிக் கத்துகிறேனே தவிர சுவிட்சை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு அழகுசுந்தரம்தான் ஆட்டோ பிடித்தான். இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார். மணிக்கட்டைச் சுற்றி மட்டும் கண்ணி கண்ணியாகக் கறுப்புத் தடம். ஆட்டோவில் கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா, "ரீனா குடுத்தது அந்து போச்சா?"

இரண்டு நாளில் மறுபடி அதே மேஜை, அதே மாலை. பழைய நூல் மாலையை எடு பவுலின் என்று கெஞ்சினேன். "பிள்ளை அம்புட்டுத் தூரத்துல கெடக்கு, இதப் புடிச்சாத்தான் அவ கையப் புடிச்ச மாதிரி இருக்கு, சும்மா ஏன் பயந்து சாகுறீக" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போயிருந்த நேரம் அவளுடைய கட்டிங் பிளேயரையே எடுத்துச் சங்கிலியில் வைத்துவிட்டேன் ரீனா, அழுத்தக் கை வரவில்லை, எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன், குன்றக்குடியில் நண்பர் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. குளிக்கப் போனால்கூட பாதியில் தண்ணீரை நிறுத்தி அங்குட்டு என்ன சத்தம் என்று காது கொடுக்கிறேன்.

நீ சொன்னால் கேட்பாள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல் அவள் பெயருக்கே எழுது. வெள்ளி மாலையை உன் பெயர் சொல்லி வீட்டு மாதா சுரூபத்தின் கழுத்தில் போடச் சொல், வேலைக்கு நூல் மாலைதான் என்று கண்டிப்பாகச் சொல். நீயும் நைட் டியூட்டி முடித்து வெறும் வயிற்றோடு தூங்காதே. ஆண்டவரும் மாதாவும் உன்னைக் காக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் என்றும் உன்னோடு. மறக்காமல் இந்த வாரமே எழுது.

எழுத்து கோணலாக இருக்கிறதே, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லையோ என்று நினைக்காதே. உள்ளே அம்மா வேலை பார்க்கிறாள், இதை ஸ்டூலில் வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். தாளைப் பிடித்துக்கொள்ள மற்றக் கை இல்லை, அது மெயின் சுவிட்சின் மேல் இருக்கிறது.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
மரியப்பன்