பாஸ்டு அவுட் என்றால் வாழ்த்துச் சொல்லக்கூடாது

மட்டாஞ்சேரி
22-2-2009

அன்பு மகள் சுனிதாவுக்கு அப்பா எழுதுவது. துபாயில் உடம்புக்குக் கேடு எதுவும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டே பேனாவை எடுக்கிறேன். இங்கே நானும் அம்மாவும் உன் தம்பியும் சுகம், மட்டாஞ்சேரிக் கொசுக்கள் எங்களைவிடச் சுகம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ நடுவிலேயே சிரித்துவிடுகிறாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நான்தானே, அதனால் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். மெதுவாக வாசி.

நீ எப்போதும் என் இங்கிலீஷைக் கிண்டல் செய்வாய். அப்பாவுக்கு வினைச்சொல் தெரியும், அதற்குப் பின்னால் வரும் வால்தான் தெரியாது என்பாய். போர்ட் கொச்சி ஓட்டலில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான், செக் இன் என்றால் பெட்டியை மேலே தூக்க வேண்டும், செக் அவுட் என்றால் கீழே இறக்க வேண்டும், இதற்கு மேல் என்ன வால் வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். போன வாரம் அந்த நினைப்புக்கு ஒரு அடி விழுந்தது. மாடி அறையில் ஒரு வயதான வெள்ளைக்காரச் சாயிப்பும் அவர் மனைவியும் தங்கியிருக்கிறார்கள். அந்த மதாம்மாவின் பெயர் ஹில்டா, லண்டன் பக்கத்தில் எங்கேயோ டீச்சராக இருந்தவராம். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நான் சாயாத் தட்டுடன் மேலே போனேன். கதவைத் திறந்த மதாம்மா முகமெல்லாம் வெளிறிப்போய், ஹீ ஹேஸ் பாஸ்டு அவுட் என்றார். நம் சந்தில் பிந்து பி.காம். பாஸ் அவுட் என்று அவள் அம்மா வீடு வீடாக லட்டு கொடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். இந்த வயதிலும் மனுஷன் ஏதோ பரீட்சை எழுதியிருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். கங்கிராஜுலேஷன்ஸ் மேடம் என்று தலையைக் குனிந்து சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. அப்புறம்தான் குளியலறை வாசலில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது.

தட்டை எங்கே வைத்தேன் என்று தெரியாது. ஓடிப்போய் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி, காலுக்குக் கீழே இரண்டு தலையணை கொடுத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஆறடி ஆளை எப்படித் தூக்கினேன் என்று அம்மா இன்னும் கேட்கிறாள். மதாம்மா போனில் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று என் பக்கம் திரும்பி, ஹீ இஸ் கமிங் ரவுண்ட் என்றார். டாக்டர்தான் ரவுண்ட்ஸ் வருகிறார் போல என்று நான் நாலு நாலு படியாக இறங்கி, வாசல் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். ஒருவரும் வரவில்லை. பயந்துபோய் மறுபடி மேலே ஏறினால் சாயிப்பு சாய்ந்து உட்கார்ந்து, நான் கொண்டுபோன ஆறிய சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தார். மயக்கம் தெளிகிறது என்பதைத்தான் அந்த அம்மாள் அப்படிச் சொல்லியிருக்கிறார். டாக்டர் எட்டு மணிக்கு வந்து, வெறும் வயிற்றில் பிரஷர் மாத்திரை போட்டதால் வந்த மயக்கம் என்றார். பயப்பட ஒன்றுமில்லை. சிரித்து முடித்துவிட்டாயா. இனி கொஞ்சம் நிதானமாக வாசி.

மறுநாள் மதாம்மா என்னைக் கூப்பிட்டு, முந்தின நாள் நான் வாழ்த்துச் சொன்னதை சாயிப்பிடம் நடித்துக் காட்டினார், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஒரு தாளில் இந்த வால்களை எல்லாம் எழுதிச் சொல்லிக்கொடுத்தார். பாஸ்டு அவுட் என்றால் மயங்கி விழுவதாம். கிவ் அப் என்றால் மேலே தூக்கிக் கொடுப்பது இல்லையாம், கைவிடுவதாம். எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த காலண்டர் தாளை எடுத்து நீட்டினேன். அது என்ன தாள் என்று கேட்பாய். இரண்டு வாரத்துக்கு முன்னால் உன் தம்பி சஜி குளிக்கப் போனபோது அவன் போனில் உன் மெசேஜ் வந்தது. அடுத்தவர் போனைப் பார்ப்பது தப்புதான், உன் பெயர் தெரிந்ததும் கை கேட்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டேன். தே லெட் மீ கோ, டோன்ட் லெட் ஆன் டு அப்பா, கெட்டிங் பை. லெட் என்றால் விடுவது, கோ என்றால் போவது. கம்பெனியில் லீவு கொடுத்துவிட்டார்கள், பிள்ளை ஊருக்கு வருகிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். என் முழங்காலை நினைத்து, அப்பாவை ஏர்போர்ட்டுக்கு வரவிடாதே என்று தம்பிக்குச் சொல்கிறாய் என்று வைத்துக்கொண்டேன். கடைசி வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவள், பை வாங்குகிறாளாக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். நான் விடவில்லை. சந்து முழுவதும் சுனிதா வருகிறாள் என்று சொன்னேன், ஓட்டல் முதலாளியிடம் மூன்று நாள் லீவுகூடச் சொல்லி வைத்தேன்.

மதாம்மா அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார். சிரிக்கவில்லை. சிட் டவுன், இசக்கி என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஓட்டலில் என்னை யாரும் நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஷீ லாஸ்ட் ஹெர் ஜாப் என்று மெதுவாகச் சொன்னார். அதில் வால் எதுவும் இல்லை மகளே, உடனே புரிந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரியவிடாதே என்றும், இருப்பதை வைத்துச் சமாளிக்கிறேன் என்றும் மற்ற இரண்டுக்கும் அர்த்தம் சொன்னார். நான் தாங்க்யூ சொல்லிவிட்டு மாடிப் படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு துவைக்கிற இடத்துக்குப் போய்விட்டேன். வேலை போனதற்கு வந்த வருத்தத்தைவிட, நீ அங்கே தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்த இரண்டு வாரமும் நான் இங்கே ஊரெல்லாம் சிரித்துக்கொண்டு நடந்திருக்கிறேனே, அதுதான் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் சஜி காக்கநாட்டிலிருந்து வீடு திரும்பியதும் அந்தத் தாளை அவன் முன்னால் வைத்தேன். சேச்சிதான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினா அப்பா, நான் என்ன செய்ய என்று அழுதுவிட்டான். அவனை நீ திட்டாதே. நீ இப்போது தோழி அறையில் இருப்பதையும், தினமும் வேலை கேட்டு ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்குவதையும் அவன்தான் சொன்னான், இந்த விலாசமும் அவன் கொடுத்ததுதான். அடுத்து அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்து, நேற்றுத்தான் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், கையை நிறுத்தவே இல்லை. எனக்கு அப்பமே தெரியும் என்றாள். யார் சொன்னது என்றேன். யாரு சொல்லணும், முன்னெல்லாம் சாப்பிட்டியாட்டின்னு நாலு வாட்டி கேட்டாத்தான் பதில் வரும், இப்ப மூணு வாரமா நான் கேக்கதுக்கு முந்தியே சாப்பிட்டேம்மான்னு சொல்லுதா என்றாள். நீங்க சந்தோஷமா சுத்திக்கிட்டு இருந்தீங்க, அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன் என்றும் சொன்னாள். பார்த்தாயா, இந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த மூன்று பேரும் ஒரு பக்கம், உன் அம்மா ஒரு பக்கம்.

நீ செய்தது தப்பு என்று எழுத வரவில்லை. அங்கே தேடு, உனக்குத் திருப்தியாகும் வரை தேடு. கிடைத்தால் இரு, கிடைக்காவிட்டால் புறப்பட்டு வா. வேலை போய்விட்டு வருகிறாள் என்று யாரும் பேசுவார்களோ என்று கூசாதே. சுனிதா எப்போது வருகிறாள் என்று சந்தில் இப்போதும் கேட்கிறார்கள், நானும் வருகிறாள் என்றுதான் சொல்கிறேன், தேதி மட்டும் சொல்வதில்லை. நீ எப்போது வந்தாலும் அவர்களுக்கு அது முன்பே தெரிந்த விஷயம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். நம் மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள், நீ போகிற இடமெல்லாம் நல்ல மனுஷர்கள் அமையட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கும் வரை பொறுத்திரு. கேட்ட பிறகு உள்ளதைச் சொல்.

இப்படிக்கு
உன் அப்பா
இசக்கிமுத்து