ஐந்தாவது குஞ்சு பறக்கும்வரை

அன்புள்ள ராபர்ட்டா,

நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்த அலாஸ்கா குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே கென்டக்கியில் மழை விட்டு முதல் புல் அறுப்பு முடிந்தது, அப்பாவின் முழங்கால்தான் படி ஏறும்போதெல்லாம் புலம்புகிறது. நீலக்குருவிக் குஞ்சுகளின் படம் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். வராது. போன வருஷம் ஐந்தும் நல்லபடியாகப் பறந்துவிட்டன என்று எழுதினேனே, அது பொய். குஞ்சு பொரித்துப் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு கூட்டுப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்று தெரிந்தும், உனக்குப் படம் அனுப்பும் ஆசையில் பதினைந்தாம் நாள் திறந்தேன். பயந்துபோய் ஐந்தும் வெளியே குதித்தன, இறக்கை முற்றவில்லை, புல்லில் தத்தின. நான் பொறுக்குவதற்குள் பக்கத்துப் பண்ணைப் பூனை முந்திக்கொண்டது. அதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த வருஷம் விடுவதில்லை என்று பிப்ரவரியிலேயே பெட்டியை வேலி மரத்திலிருந்து கழற்றி, மேய்ச்சல் நிலத்தின் நடுவில் இரும்புக் கம்பம் நட்டு மாட்டினோம், பாம்பு ஏறாதபடி கம்பத்தைச் சுற்றி வழுக்கும் தகர அடுப்புப் புகைக்குழாயைப் பொருத்தினோம். பெட்டி ஓட்டைக்குக் கீழே நான் அழகுக்கு வைத்திருந்த குச்சியையும் அறுத்தெறிந்தேன், அதில் உட்கார்ந்துதான் சிட்டுக்குருவி குஞ்சுகளைக் கொத்த வருகிறது. பன்னிரண்டாம் நாள் கடைசியாக எண்ணினேன், ஐந்து. உடனே பெட்டிக் கதவுக்கு இரண்டு திருகாணி போட்டுத் திருப்புளியை, நானே கேட்டாலும் கொடுக்காமல், எங்காவது ஒளித்துவைக்கும்படி அப்பாவிடம் சொன்னேன். பதினாறாம் நாள் பெட்டியில் சத்தமே இல்லை, செத்துவிட்டனவோ என்று தவித்துப்போய் டிராக்டர் கொட்டகையையே கலைத்துத் திருப்புளியைத் தேடினேன். அவர் அசையவில்லை. "நீதான குடுக்காதன்னு சொன்ன, ஓப்பல். இப்ப அழுதாலும் குடுக்க மாட்டேன்" என்றார். அந்தக் கோபத்தில் சோள ரொட்டியைக் கருகவிட்டேன், மனிதர் அதையும் தின்று முடித்தார்.

இன்று பதினெட்டாம் நாள். தாய்க்குருவி வாயில் புழுவோடு வேலிக் கம்பியில் உட்கார்ந்து கூப்பிடுகிறது, நான்கு பறந்து ஓக் மரத்துக்குப் போய்விட்டன. ஐந்தாவது தலையை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக இருக்கிறது. பூனையை அடைத்துவைக்கும்படி விடிந்ததுமே பக்கத்துப் பண்ணைக்குப் போய்ச் சொன்னேன், முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும்.

கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும், நான் பின்னி அனுப்பிய காலுறையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். இந்த உறையை இன்னும் ஒட்டவில்லை. ஐந்தாவதும் பறந்த பிறகுதான் ஒட்டுவேன். அதற்கு ஏதாவது ஆனால் இதைக் கிழித்துப்போட்டு, நடந்ததை நடந்தபடியே வேறு கடிதம் எழுதுவேன். ஆகவே இது உன் கைக்கு வந்திருந்தால் ஐந்தும் பறந்துவிட்டன, மகளே. இந்தத் தடவை பொய்யில்லை.

உன் அம்மா,
ஓப்பல்