மருந்துச் சன்னலில் பெட்டியைக் கிழித்தெறிவதை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
சலவை நிலையத்தில் இஸ்திரி போடும் பெண்
(பெயரும் முகவரியும் தனி உறையில் இட்டு ஒட்டி வைத்துள்ளேன்.)

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு மருத்துவமனை.

பொருள்: பெண்கள் பிறப்புறுப்பின் உள்ளே வைத்துக்கொள்ளும் மாத்திரைகளை விவரத்தாள் இல்லாமல் பொட்டலமாகத் தருவதை இன்றே நிறுத்த வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பயம் அதைவிடப் பெரிதாக இருப்பதால் எழுதுகிறேன்.

1. எனக்குப் பிறப்புறுப்பில் பாக்டீரியாத் தொற்று. மாத்திரை சாப்பிட்டால் போகும். மாதவிலக்கு முடிந்ததும் அதே வாடையோடு திரும்பி வரும். இஸ்திரி மேசையில் பக்கத்தில் நிற்பவள் மூக்கைத் தேய்த்தால்கூட எனக்குத் திக்கென்றிருக்கும். கிருமிநாசினியை வாளித் தண்ணீரில் ஊற்றிக் கழுவிப் பார்த்தேன், எரிச்சல்தான் மிச்சம். தங்கள் பெண் மருத்துவர், "உள்ளே அதையெல்லாம் ஊத்திக் கழுவாதீங்கம்மா, இன்னும் கெட்டுப்போகும்" என்று கண்டித்து, கிருமியை அழிக்கும் வேறு மாத்திரை எழுதித் தந்தார். உபயோகிக்கும் முறையை மருந்து தருமிடத்தில் சொல்வார்கள் என்றார்.

2. மருந்துச் சன்னலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரிசை. மருந்தாளுநர் நல்ல மனிதர், அதில்தான் வம்பே. பெண்கள் சமாச்சாரம் என்றால், பின்னால் நிற்கும் ஆண்கள் கண்ணில் படக் கூடாதென்று பெட்டியைக் கிழித்து, உள்ளிருக்கும் தாளோடு கூடையில் போட்டுவிடுவார். மாத்திரை அட்டையைச் செய்தித்தாளில் சுற்றித் தருவார். முகத்தைப் பார்க்க மாட்டார். "ராத்திரிக்கு ஒண்ணும்மா" என்றார். நானும் தலை நிமிராமல் வாங்கி வந்தேன்.

3. அன்று அதை விழுங்கினேன். பெரிய மாத்திரை; பாதியில் நின்றுகொண்டது. தொண்டை தீயாய் எரிந்தது. எச்சில் இறங்கவில்லை. "என்னடி சாப்பிட்ட?" என்று கணவர் உலுக்கியபோது பதில் சொல்லக் குரல் வரவில்லை. இனி பிழைக்க மாட்டேன் என்றே நினைத்து, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். மறுநாள் தங்கள் செவிலியர் அட்டையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்: "ஐயோ, இது உள்ளே வைக்கிற மாத்திரைம்மா!" தொண்டையில் புண். ஆறிவிடும் என்கிறார்கள். ஆனால் இப்போது காய்ச்சல் மாத்திரையைக்கூட விழுங்காமல் ஒதுக்கி வைத்துவிடுகிறேன். தொற்றும் போகவில்லை.

4. இன்று காலை, எங்கள் கூடத்தில் துணி மடிக்கும் கர்ப்பிணிப் பெண்ணின் கைப்பையில் அதே செய்தித்தாள் பொட்டலத்தைக் கண்டேன். "இதை என்ன பண்ணப்போற?" என்று கேட்டேன். "சாப்பிட்டுட்டு முழுங்கணும், வேறென்னக்கா?" என்றாள். பிடுங்கி வைத்துக்கொண்டு விவரம் சொன்னேன். செவிலியரைக் கேட்காமல் தொடமாட்டாள். அவள் என் கண்ணில் பட்டதால் தப்பினாள். மற்றவர்களுடைய கைப்பையை நான் எங்கே போய்த் தேடுவேன்?

மருந்தாளுநரைத் தண்டிக்க வேண்டாம். எங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் நினைத்தார். பெட்டியும் தாளும் அப்படியே எங்கள் கைக்கு வரட்டும். ஒரு செவிலியர் கதவைச் சாத்திக்கொண்டு, எதை எங்கே வைப்பதென்று வாய்விட்டுச் சொல்லட்டும். வெட்கப்படுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பதில் தருவதானால் என் பெயரை வரிசையில் கூவி அழைக்க வேண்டாமெனக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தாங்கள் இதை நாளை படிக்கலாம் என்று ஒதுக்கி வைத்துவிடாதீர்கள், ஐயா. மாலை ஐந்து மணிக்குச் சன்னல் திறக்கும். அதற்கு முன்பே பெண்கள் வரிசையில் வந்து நின்றுவிடுவார்கள்.

இடம்: இஸ்திரிக் கூடம்
நாள்: திங்கட்கிழமை, மதிய இடைவேளை

இப்படிக்கு,
பயத்துடன்,
(கையொப்பம்)