மாதப்பாவின் குரல்

18 ஜூலை 2007, புதன். லிங்கராஜபுரம்.

திருட்டுத்தனமாக மரம் வெட்டுவதைக் கண்டுபிடிக்கக் காட்டில் நாங்கள் கட்டி வைக்கும் ஒலிப்பதிவுக் கருவிகளில் ஒன்றில் பதிவானதை இன்று ஆபீசில் போட்டுக் கேட்டேன். ரம்பச் சத்தத்துக்கு நடுவே, ‘சீக்கிரம் முடிங்க’ என்று கன்னடத்தில் ஒரு குரல். மாதப்பாவுடையது. எங்கள் கருவிகளுக்கெல்லாம் பேட்டரி மாற்றுகிறவர். இந்த ஒன்றை மட்டும் அவருக்குத் தெரியாமல் நான் கட்டியிருந்தேன்.

“அழிச்சிடும்மா. அவர் போயிட்டா காட்டுக்குள்ள நமக்கு யாரு இருக்கா?” என்றார் மேனேஜர்.

“இத அழிச்சா மத்த பதிவ யார் சார் நம்புவாங்க?” என்றேன்.

மாதப்பா வீட்டில் எத்தனையோ முறை களி சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் சிடியில் இரண்டு பிரதி எடுத்துவிட்டேன். காலையில் வனத்துறை ஆபீசில் ஒன்றைக் கொடுப்பேன். கொடுத்த கையோடு மாதப்பாவுக்கு நானே போன் செய்து சொல்வேன். யாரோ சொல்லி அவர் கேட்கக் கூடாது. கன்னடத்தில் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.